அல்லியும் இரதியும் ஊவாத் தோட்டச் சிறுமியரும்

பெண்ணுக்கு ஆணோடொத்த உரிமை வேண்டுமெனக் கருதும் பெற்றோர், தம் மகள் முடியும் பட்டும் அணிந்த இளவரசியரைக் கண்டு மயங்குவதை எண்ணி வருந்துவதுண்டு. அமெரிக்க எழுத்தாளர் பெக்கி ஓரென்ஸ்டீன் இதனையே பொருளாகக் கொண்டு 2011இல் ஒரு நூல் எழுதினார். எனினும் இக்கவலையை ஆராய யாம் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் வரலாறே போதும்.

இங்குள்ள லயங்களுக்கு இளவரசி முதன்முதல் படப்புத்தகத்தின் வழியாக வந்தவளல்லள். மாசி மாதத்துக் காமன் கூத்திலே, முடி தரித்துத் தப்பொலிக்கு ஆடிவரும் இரதியே அவள். அவ்வேடம் பூண்டவர் ஆடவர் என்பது சிறுமியர் அறியாததன்று. அறிந்தும் கண்விழித்துப் பார்த்தனர். பொழுது புலர்ந்ததும் அவர்தம் அன்னையர் பிரட்டுக்குச் சென்று கொழுந்துக் கூடை சுமத்தல் வேண்டும். கணவன் எரியுண்டபின் புலம்புதலே இரதியின் பெரும்பணி. ஆதலால் அவளைப் பெண்ணுரிமைக்கு முன்மாதிரியாகக் காட்டுதல் அரிது.

அல்லியின் நிலை வேறு. அருச்சுனன் தபசு ஆடப்படும் தோட்டங்களில் அருச்சுனன் பெயர் புதிதன்று. அவன் மணந்த அல்லியின் கதையோ, புகழேந்தியார் பெயரால் வழங்கும் அல்லியரசாணிமாலையிலே உள்ளது. பெரிய எழுத்துப் பதிப்பாகத் தமிழர் இல்லங்களில் உரக்கப் படிக்கப்பட்ட நூல் அது. மதுரையைத் தனித்தாண்ட அல்லி ஆடவரை வேண்டாள். அருச்சுனன் அவளை வாதில் வென்றானல்லன். பாம்பு வடிவிற் புகுந்து, அவள் உறங்குகையிலே தாலி கட்டினான்! கதை இதனை வெற்றியென்று கொண்டாடுகின்றது. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மகளிடமிருந்து முடியைப் பறிப்பதினும், அவ்விடத்திலே கதையை நிறுத்தி, 'இது முறையோ?' என வினவுதல் நன்று. பெண்ணாட்சியைக் குறிக்கும் 'அல்லி ராச்சியம்' என்னுந் தொடர் இன்றும் ஏளனமாகவே வழங்குதலும் நோக்கற்பாலது.

மெய்யான ஆட்சியுரிமையோ வாக்குச்சீட்டிலே இருந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்ற அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, ஆதலின் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். 1931இல் 21 வயது நிரம்பிய பெண்களும் வாக்குரிமை பெற்றனர். தோட்டத் தொழிலாளர்க்கு வதிவு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களிடையே பாடல்வழி உரிமைகளை எடுத்துரைத்தார்.

ஆயினும் 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின் வழி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமுமே வகுக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் வாக்கையும் பறித்தன. 1931இல் வாக்களித்த தாயர் பலரின் பெண்மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குச்சாவடிக்குச் செல்ல இயலாராயினர். ஆண் பெண் இருபாலாரின் நாட்சம்பளமும் சமமானது 1984இலேயாம்.