வரி போயிற்று, வரிசை நிற்கிறது: பெட்ராபோல் – பேனாபோல் எல்லை வணிகம்

கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பெட்ராபோல்; எல்லைக் கோட்டுக்கு அந்தப்புறம் வங்கதேசத்தின் பேனாபோல். இரு நாடுகளின் தரைவழி வணிகத்துக்கு இதுவே தலைவாசல். இதைச் சரக்கு கடக்க 138 மணி நேரம் ஆவதாக உலக வங்கியின் 2021ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. ஒரு நாட்டு லாரியிலிருந்து இறக்கி மறு நாட்டு லாரியில் ஏற்றுவதற்கு மட்டும் 28 மணி நேரம். ஏறத்தாழ இதே அளவு சரக்கு கடக்கும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் மொத்த வேலையும் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறது.

இதற்கு வரியைக் காரணம் சொல்ல முடியாது. தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. மது, புகையிலை வகைகள் நீங்கலாக, வங்கதேசத்தின் ஏறக்குறைய எல்லாப் பொருள்களுக்கும் 2011இல் இந்தியா சுங்கவரியை நீக்கியது. ஆனாலும் ஒரு சரக்கு எல்லை கடக்க 22 ஆவணங்களும் 55க்கு மேற்பட்ட கையொப்பங்களும் தேவைப்பட்டதாக அதே ஆய்வு சொல்கிறது. பக்கத்து வங்கதேசத்தோடு வணிகம் செய்வதைவிடக் கடல்கடந்த ஜெர்மனியோடு செய்வது இந்திய நிறுவனத்துக்கு 15 முதல் 20 சதவீதம் மலிவு என்றும் அது கணக்கிட்டது.

கட்டடமும் தீர்வாகவில்லை. பெட்ராபோலின் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி 2016இல் திறக்கப்பட்டது. ஆனால் எல்லையில் லாரி மாற்றியே தீரவேண்டும் என்ற விதி இருக்கும்வரை, எத்தனை நவீனமான வளாகமும் சரக்கைக் காக்க வைக்கும் இடமாகவே இருக்கும்.

அந்த விதியை மாற்ற வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டு லாரி மறு நாட்டுச் சாலையில் நேரே ஓடலாம் என்பதே அதன் சாரம். இதன் பயனை வடகிழக்கு இந்தியாவின் அகர்தலாவில் தெளிவாகக் காணலாம்: அங்கிருந்து இந்திய மண்ணிலேயே சிலிகுரி வழியாகக் கொல்கத்தாத் துறைமுகத்துக்கு 1,600 கிலோமீட்டர், வங்கதேசம் வழியாகப் போனால் சுமார் 450. அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியே அகர்தலாவுக்கு ஒரு சரக்கு லாரி வெள்ளோட்டமும் விடப்பட்டது.

பிறகு ஒப்பந்தம் ஏன் தேங்கியது? பூட்டானின் மேலவை 2016இல் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. அயல்நாட்டு லாரிகளால் சுற்றுச்சூழல் கெடும், உள்ளூர் ஓட்டுநர்களின் பிழைப்பு போகும் என்ற அச்சங்கள் அங்கே எழுந்தன. அவற்றை வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதம் என்று தள்ளிவிடுவது தவறு. எல்லையில் மூட்டை சுமப்பவருக்கும் ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கும் லாரி மாற்றுவதுதான் வருமானம். இவர்களுக்கு மாற்று வழி சொல்லாத ஒப்பந்தத்துக்கு எல்லையோரத்தில் ஆதரவு கிடைக்காது. அயல்நாட்டு லாரிகளுக்கு ஆண்டு வாரியாக உயரும் அனுமதி எண்ணிக்கை, சாலைக் கட்டணத்தில் எல்லை ஊர்களுக்குப் பங்கு, சுமைத் தொழிலாளருக்குக் கிடங்குப் பணி ஆகியவை ஒப்பந்த விதிகளிலேயே இடம்பெற வேண்டும்.

ஆப்பிரிக்காவின் சிருண்டு இன்னொரு பாடத்தைத் தருகிறது. சாம்பேசி ஆற்றின் இரு கரைகளில் உள்ள சாம்பியாவும் ஜிம்பாப்வேயும் 2009 டிசம்பரில் அங்கே ஒரே நிறுத்தச் சோதனை முறையைத் தொடங்கின. வடக்கே போகும் லாரிக்குச் சாம்பியப் பக்கத்திலும், தெற்கே வருவதற்கு ஜிம்பாப்வேப் பக்கத்திலும் இரு நாட்டு அதிகாரிகளும் அருகருகே அமர்ந்து வேலையை முடிக்கிறார்கள். அதற்கு முதலில் தேவைப்பட்டது, அயல் மண்ணில் தன் அதிகாரி செயல்பட இடம் தரும் சட்டம்.

அத்தகைய சட்டப் பிணைப்பு இல்லாததன் விலை 2025இல் தெரிந்தது. ஏப்ரலில் வங்கதேசம் இந்திய நூலிழையின் தரைவழி இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் இந்தியா வங்கதேச ஆயத்த ஆடைகளுக்குத் தரைவழியை மூடியது. இரு நாட்டு உறவில் கசப்பு முற்றினாலும் முன்னறிவிப்பின்றி வாசல் அடைபடக் கூடாது என்றால், குறைந்தபட்ச அறிவிப்புக் காலமும், வழியில் நிற்கும் சரக்குக்கு விலக்கும், முறையீட்டுக்கு ஒரு கூட்டுக் குழுவும் திம்பு ஒப்பந்தத்தின் துணை விதிகளில் சேர்க்கப்பட வேண்டும். கொல்கத்தா – டாக்கா தடத்தில் இவற்றை முதலில் நடைமுறைப்படுத்தலாம்.