கேம்ஷாஃப்டைத் தின்றது யார்?

புதிதாகப் பிரித்துக் கோர்த்த ஒரு எஞ்சினுக்கு மிக ஆபத்தான நேரம் எது தெரியுமா? ரேஸில் ஓடும் நேரம் அல்ல. முதன்முறை ஸ்டார்ட் செய்த பிறகு வரும் அரை மணி நேரம்! 2000களின் மத்தியில் அமெரிக்காவில் பழைய வி8 கார்களை ஆசை ஆசையாகப் புதுப்பித்தவர்கள் பலர் அந்த அரை மணிக்குள் கேம்ஷாஃப்டைப் பறிகொடுத்தார்கள். பழி விழுந்தது எண்ணெய் மேல்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1955-இல் ஷெவர்லே தன் சிறிய வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 1964-இல் போன்டியாக் ஜிடிஓ வந்து 'மசில் கார்' மோகத்தைக் கிளப்பியது. அக்கால எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் கேம்ஷாஃப்ட் நடுவில் இருக்கும். அதன் மேடுகள் மேல் 16 டேப்பெட்டுகள் உரசிக்கொண்டே ஏறி இறங்கும். டேப்பெட்டின் அடிப்பக்கம் பார்க்கத் தட்டை; உண்மையில் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேம் மேடும் லேசாகச் சரிந்திருக்கும். அதனால் டேப்பெட் தானும் சுழலும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. சுழல்வது நின்றால் கதை முடிந்தது.

இந்த உரசலில் அழுத்தம் மிக அதிகம். எண்ணெய்ப் படலம் மட்டும் தாங்காது. அங்கே கைகொடுத்தது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த இசட்-டி-டி-பி என்ற ரசாயனம். 1940களில் எண்ணெய் சீக்கிரம் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான் இதைச் சேர்த்தார்கள். பிறகுதான் அதன் பெரிய குணம் தெரிந்தது: சூட்டிலும் அழுத்தத்திலும் உடைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படிகிறது. உலோகத்துக்குப் பதில் அந்தப் பூச்சு தேய்கிறது.

இப்போது கதையில் வில்லன். இல்லை, வில்லன் என்று சொல்லவும் முடியாது! 1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. எஞ்சினுக்குள் எரியும் சொட்டு எண்ணெயிலிருந்து வரும் பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். 1995 மாடல்களிலிருந்து கன்வர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வாரண்டி கட்டாயம். கெட்டால் செலவு கம்பெனிக்கு. எனவே பாஸ்பரஸைக் குறைக்கச் சொன்னார்கள். மெல்லிய கிரேடு எண்ணெய்களில் 0.12 சதவீதமாக இருந்த வரம்பு 1996-இல் 0.10 ஆனது, 2004-இல் 0.08 ஆனது.

புதிய கார்களுக்கு இதனால் நஷ்டமில்லை. ஷெவர்லே வி8 1987-லேயே உருளை வைத்த டேப்பெட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. அங்கே உரசல் இல்லை, உருளல்தான். அடிபட்டது பழைய எஞ்சினுக்குப் புதுக் கேம் போட்டவர்கள். வணிகவியல் படிக்கிற எனக்கு இது பழக்கமான கதை: ஒருவர் கணக்கில் மிச்சமான செலவு இன்னொருவர் கணக்கில் ஏறியது.

எண்ணெய் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. சரியாகக் கடினமாக்காத மலிவான டேப்பெட்டுகளும் அப்போது சந்தையில் இருந்தன. அதோடு அதிக பவருக்காகப் போடும் கடினமான வால்வு ஸ்பிரிங்குகள்!

சரி, தப்பிப்பது எப்படி? பழைய மெக்கானிக்குகளின் முறை இதுதான். கேம் மேடுகளில் மாலிப்டினம் பசையைத் தடவ வேண்டும். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைத் தற்காலிகமாகக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடவே கூடாது. நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றில் 20-30 நிமிடம் ஓட்ட வேண்டும். காரணம், கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது. மெதுவாக ஓடினால் போதுமான அளவு தெறிக்காது. பிறகு எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். எண்ணெய், இசட்-டி-டி-பி கூடுதலாக உள்ள பிரேக்-இன் எண்ணெயாக இருக்கட்டும். ஆனால் கூடக் கூட நல்லது என்று அளவில்லாமல் ஊற்றினால் அதுவே உலோகத்தை அரிக்கும்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: சிந்தெடிக் எண்ணெய் ஊற்றினால் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு பொருந்தாதாம். 1992 முதல் கார்வெட் கார்கள் தொழிற்சாலையிலேயே மொபில் 1 சிந்தெடிக் நிரப்பித்தான் வந்தன. ரிங் பொருந்தாமல் போகவில்லை! சிலிண்டர் சுவரை எவ்வளவு ஒழுங்காக ஹோனிங் செய்தார்கள் என்பதே அதில் முக்கியம். ஆனாலும் சில மைல்களில் வடித்துக் கொட்டப் போகும் எண்ணெய்க்கு அவ்வளவு விலை எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவின் பிரபலமான நாஸ்கார் பந்தயத்தின் முதல்நிலைக் கார்களே 2015-இல்தான் உருளை டேப்பெட்டுக்கு மாறின. ஆனால் உலகெங்கும் கொட்டகைகளில் தூங்கும் பழைய வி8-கள் மாறப் போவதில்லை. அவற்றில் ஒன்றை எழுப்பப் போகிறவர், சாவியைத் திருப்பும் முன் எண்ணெய் டின்னின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.