நட்டவையும் களைந்தவையும்: தேனி மலைவிளிம்பில் அயல் தாவரங்களின் வரலாறும் மக்கள் பங்கேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் சூழ்ந்த மலைகளிலும் வைகைப் படுகையிலும் உண்ணிச்செடி, சீமைக் கருவேலம், சீகை ஆகிய அயல் தாவரங்கள் நிலைகொண்ட வரலாற்றையும், அவற்றைக் களைவதில் ஊர்மக்களும் தன்னார்வலர்களும் ஆற்றிய பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இவற்றுள் சீமைக் கருவேலமும் சீகையும் விறகு, தோல் பதனிடும் பட்டை முதலிய தேவைகளுக்காகத் திட்டமிட்டுப் பரப்பப்பட்டவை. அத்தேவைகளுக்கு மாற்று வழி காணாமல் செடியை மட்டும் அகற்றிய முயற்சிகள் நிலைக்கவில்லை என்பதும், களைந்த நிலத்தைத் தொடர்ந்து பேணும் மக்கள் அமைப்பு உள்ள இடங்களில் மீட்பு சாத்தியமாயிற்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: அயல் தாவரங்கள், சோலைப் புல்வெளி, பழனிமலை, சீமைக் கருவேலம், தன்னார்வப் பணி, வைகை.

முன்னுரை

1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம் மூன்று பக்கமும் மலை சூழ்ந்தது. வடக்கே பழனிமலை, மேற்கே ஏலமலை, தெற்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் அரணாக நிற்கின்றன. வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையும், கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் முல்லையாறும், பெரியகுளம் பகுதியின் வராக நதியும் இம்மலைகளை நம்பியே ஓடுகின்றன. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிக்கப்பட்ட பின் பள்ளத்தாக்கின் வேளாண்மை மலைநீரோடு மேலும் நெருக்கமாகப் பிணைந்தது. ஆகவே மலைமேல் எத்தாவரம் நிற்கிறது என்பது சமவெளி உழவரின் வாழ்வைத் தொடும் வினாவாகும்.

அண்மைக் காலத்தில் அயல் தாவரங்களைக் களையும் பணி அரசின் கொள்கையாகவும் பொதுமக்களின் இயக்கமாகவும் வளர்ந்துள்ளது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. இப்பணியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் செடியின் தீமையை விளக்குவதோடு நின்றுவிடுகின்றன. அச்செடி யாரால், எதற்காக நடப்பட்டது என்ற வினா போதிய கவனம் பெறவில்லை.

பெயர்கள் தரும் சான்று

மக்கள் வழக்கில் உள்ள பெயர்கள் ஒரு தாவரத்தின் வருகையையும் பயனையும் பதிவு செய்துள்ளன. ‘சீமைக் கருவேலம்’ என்ற பெயரின் முன்னொட்டு அம்மரம் கடல் கடந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. உள்நாட்டுக் கருவேலத்தோடு ஒப்பிட்டு மக்கள் அதனை இனங்கண்டுள்ளனர். அம்மரத்திற்கே வழங்கும் ‘வேலிக்காத்தான்’ என்ற மற்றொரு பெயர், கால்நடையிடமிருந்து பயிரைக் காக்கும் வேலியாக அது ஏற்கப்பட்டதை உணர்த்துகிறது. ஒன்று அயன்மையைக் குறிக்க, மற்றொன்று பயனைக் குறிக்கிறது. இவ்விரு பெயர்களும் ஒரே ஊரில் அருகருகே வழங்குவது, இம்மரத்தோடு மக்கள் கொண்டுள்ள உறவு வெறும் பகைமையாகச் சுருங்குவதன்று என்பதற்குச் சான்றாகும்.

வருகையின் வரலாறு

உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்க நிலப்பகுதியைச் சேர்ந்தது. 1809இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் அழகுச் செடியாக வளர்க்கப்பட்டு, பின்னர் தோட்டங்களின் வேலியாக நாடெங்கும் சென்றது. அதன் கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளைப் பரப்பின. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் புலி வாழும் காடுகளில் நாற்பது விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பரப்பு இச்செடியின் பரவலுக்கு உட்பட்டுள்ளதாக மதிப்பிட்டது.

சீமைக் கருவேலம் விடுதலைக்குப் பின் அரசியல் தலைவர் ஒருவரால் கொண்டுவரப்பட்டது என்றும், அயல்நாட்டுச் சதியால் தூவப்பட்டது என்றும் தமிழகத்தில் கதைகள் வழங்குகின்றன. வனத்துறை வரலாறு இக்கதைகளுக்கு இடம் தரவில்லை. சென்னை மாகாண வடவட்டத்தின் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் 1876இல் இவ்வகை மரங்களின் விதைகளை வருவித்துத் தருமாறு வருவாய்த் துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877ஐ ஒட்டி நடப்பட்டன. அது தாது வருடப் பஞ்சம் மாகாணத்தை வாட்டிய காலம். விறகுத் தட்டுப்பாடும் வறண்ட நிலங்களின் நிலையும் நிர்வாகத்தின் கவலைகளாயிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விறகுத் தேவைக்காக இம்மரம் தமிழகத்தில் மேலும் பரவலாக வளர்க்கப்பட்டது.

பழனிமலையின் மேட்டுப்பகுதியில் நடந்தது வேறு வகை மாற்றம். ஆஸ்திரேலியச் சீகை வகைகள் 1830களிலும் 1840களிலும் நீலகிரிக்கு வந்தவை. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் குடியேறத் தொடங்கிய கொடைக்கானலில் விறகுக்காகவும் நிழலுக்காகவும் அயல் மரங்கள் வளர்க்கப்பட்டன. எனினும் மலைப் புல்வெளிகள் பெருமளவில் தோட்டங்களாக மாறியது விடுதலைக்குப் பிறகே. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கலை எதிர்த்து 1946இல் இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை நிறுத்தியது. அதன் பின் பட்டையை உள்நாட்டிலேயே விளைவிக்கும் முயற்சி வலுப்பெற்றது. அந்நாளைய வன மேலாண்மை புல்வெளியை மரமற்ற வெற்று நிலமாகக் கருதியது. 1973 முதல் நாற்பதாண்டுகளைச் செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்ததாகக் கண்டறிந்தது.

பழனிமலைச் சரிவில் தன்னார்வப் பணி

கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் அதன் தென்சரிவின் நீர் தேனிக்குரியது. வட்டக்கானலை ஒட்டிய பாம்பார் சோலையின் நீர் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. எனவே இம்மலைமேல் நடந்த பாதுகாப்புப் பணி தேனியின் சூழல் வரலாற்றிலும் இடம்பெற வேண்டியது.

1985இல் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றியது. செண்பகனூரில் இயேசு சபையினர் பேணிய தாவரவியல் மரபு இம்மலைக்கு உறுதியான அறிவுத்தளத்தை முன்னரே அமைத்திருந்தது. அம்மரபில் வந்த கே. எம். மேத்யூ 1999இல் வெளியிட்ட பழனிமலைத் தாவரத் தொகுதி, எது இம்மண்ணுக்குரியது, எது வந்தேறியது என்பதைப் பிரித்தறிய உதவியது. பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் ஆகிய இருவரும் வட்டக்கானலில் தங்கி அமைத்த பாதுகாப்பு அறக்கட்டளை, சோலை மரங்களுக்கும் புல்வெளித் தாவரங்களுக்கும் நாற்றங்கால் வளர்த்தது.

அவர்களது அவதானிப்பு ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. பராமரிப்பின்றி முதிர்ந்த அயல் மரத்தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதை அவர்கள் கண்டனர். அத்தகைய இடங்களில் அயல் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டுவது அக்கன்றுகளையும் அழிக்கும். புல்வெளி எஞ்சியுள்ள இடத்திலோ இளஞ்சீகையைத் தாமதமின்றிப் பிடுங்குவதே முறை. இடமறிந்து களைதல் என்னும் இந்நெறி நீண்டகாலம் ஒரே நிலத்தில் உழைத்தவர்களுக்கே கைவரும்.

சீகைத் தோட்டங்கள் மலைநீரை வற்றச் செய்தன என்ற கருத்தும் ஆராயத்தக்கது. மேல் பழனிமலைக் கருஞ்சீகைத் தோட்டங்களைப் பற்றி ஹரிப்பிரியா ரங்கன், கிறிஸ்டியன் குல், லிசா அலெக்சாண்டர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, நீர்க்குறைவிற்குச் சீகையை மட்டும் காரணமாக்குவது எளிதன்று எனக் காட்டியது. மழைப்பொழிவின் மாற்றமும் நிலப்பயன்பாட்டு மாற்றமும் உடன் கருதப்பட வேண்டியவை.

2017: ஆணையும் ஊர்ப்பணியும்

சமவெளியில் களைதல் வேறு வடிவம் எடுத்தது. சீமைக் கருவேலத்தை அகற்றக் கோரி வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. தேனி உட்பட அக்கிளையின் எல்லைக்குட்பட்ட மாவட்டங்களில் வழக்கறிஞர்கள் ஆணையர்களாகப் பணியைக் கண்காணித்தனர். ஊர் இளைஞர்களும் மாணவர்களும் கண்மாய்களிலும் ஓடைகளிலும் இறங்கினர். போதிய ஆய்வின்றி மரங்கள் அகற்றப்படுகின்றன என்ற வாதத்தின் பேரில் அதே ஆண்டில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டு, வல்லுநர் கருத்து பெறப்பட்ட பின் நீக்கப்பட்டது.

இவ்வியக்கத்தின் வேகமே அதன் குறையாகவும் அமைந்தது. தரைமட்டத்தில் வெட்டப்பட்ட சீமைக் கருவேலம் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் தழைக்கும். அதன் நெற்றைத் தின்னும் ஆடுமாடுகள் சாணத்தின் வழியே விதைகளைப் பரப்பும். வேரோடு அகற்றி, அவ்விடத்தில் நாட்டு மரங்களையோ புல்லையோ வளர்த்து, சில ஆண்டுகள் முளைகளைக் கிள்ளி வந்தாலன்றி நிலம் மீளாது. மேலும், விறகிற்கும் கரிமூட்டத் தொழிலுக்கும் இம்மரத்தை நம்பியுள்ளோர் நிலமற்ற ஏழைகளே. ஆணை மரத்தைப் பற்றிப் பேசிய அளவிற்கு அவர்களது அடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

எல்லை மலைகளின் அனுபவம்

போடி மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள வட்டவடை தமிழ் பேசும் மக்கள் மிகுந்த ஊர். அதனை ஒட்டிய பழத்தோட்டம் பகுதியில் 2019இல் மூண்ட பெருந்தீ அயல் மரத்தோட்டங்களை எரித்தது. சீகை விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருப்பவை. தீயின் வெப்பம் அவற்றை முளைக்கத் தூண்டும். இதனை உணர்ந்த கேரள வனத்துறை, ‘ஹரித வசந்தம்’ என்ற உள்ளூர்ச் சூழல் மேம்பாட்டுக் குழுவின் வழியே சீகையைக் களைந்து புல்வெளியை மீட்கும் பணியை மேற்கொண்டது. மக்களே களைந்தனர், நாட்டுப் புல்லை நாற்றிட்டு நட்டனர், அவ்வுழைப்பு அவர்களுக்கு வருவாயும் ஆயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் உள்ள குமுளியில் இதற்கு முன்னோடியான மரபு உண்டு. 1996 முதல் 2004 வரை நடந்த இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பெரியாறு காட்டில் வயணப்பட்டை உரித்து வந்தோர் காவல் பணிக்கும் சுற்றுலா வழிகாட்டலுக்கும் மாறினர். 2002இல் தொடங்கிய ‘வசந்த சேனை’ப் பெண்கள் ஊதியமின்றிக் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்தனர். இக்குழுக்களின் பணி களையெடுப்பு அன்று. ஆயினும் காட்டின் மீது பொறுப்பும் பயனும் ஒருசேரக் கிடைக்கும்போது ஊர்மக்களின் ஈடுபாடு நிலைக்கும் என்பதை அவை காட்டுகின்றன.

கருநாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், தாம் ஆண்டின் தொடக்கத்தில் இட்டுவந்த மெல்லிய தரைத்தீ தடைசெய்யப்பட்ட பின்னரே உண்ணிச்செடி மிகுந்தது என்கின்றனர். பழங்குடியினரின் நிலமேலாண்மையைத் தடுத்துவிட்டு, பின்னர் அவர்களையே கூலிக்குக் களையெடுக்க அழைக்கும் முரண் இதில் வெளிப்படுகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் பளியர் முதலியோரின் காட்டறிவை மீட்புத் திட்டங்களில் இணைக்கும்போது இவ்வனுபவம் கருத்தில் கொள்ளத்தக்கது.

முடிவுரை

தேனி மலைவிளிம்பின் சான்றுகள் மூன்று முடிபுகளுக்கு இட்டுச் செல்கின்றன. முதலாவது, சீமைக் கருவேலமும் சீகையும் பரவியதற்கு அரசின் விறகு, தொழில் கொள்கைகள் அடிப்படையாயின; ஆகவே களையும் செலவை ஊர்மக்களின் இலவச உழைப்பின் மீது மட்டும் சுமத்துவது வரலாற்று நீதியாகாது. இரண்டாவது, சோலை, புல்வெளி, கண்மாய் என நிலத்திற்கேற்பக் களையும் முறை வேறுபட வேண்டும். ஒரே ஆணை எல்லா நிலத்திற்கும் பொருந்தாது. மூன்றாவது, களையும் நாளைவிட அதன் பின் வரும் ஆண்டுகளே மீட்பைத் தீர்மானிக்கின்றன. விறகும் மேய்ச்சலும் வருவாயும் உறுதி செய்யப்பட்ட ஊரார் அவ்வாண்டுகளில் நிலத்தருகே நிற்பர். அவ்வுறுதி இல்லாதவிடத்து, ‘வேலிக்காத்தான்’ என்ற பெயரை இட்ட தேவையே அம்மரத்தை மீண்டும் வரவேற்கும்.