பால்: சமையலறை அளவிலிருந்து எடைக்கு (பாயான் பாரு, பினாங்கு)

கோப்பை, கரண்டி, லிட்டர் ஆகியவற்றில் சொல்லப்படும் பாலைக் கிராம் கணக்குக்குக் கொண்டுவர, கொள்ளளவை அடர்த்தியால் பெருக்க வேண்டும். தண்ணீர் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம். பசும்பால் சராசரியாக 1.03 கிராம். எனவே ஒரு லிட்டர் பால் 1,030 கிராம், 250 மி.லி. கோப்பைப் பால் 257 அல்லது 258 கிராம், 15 மி.லி. மேசைக்கரண்டிப் பால் பதினைந்தரை கிராம். தண்ணீருக்கும் பாலுக்கும் இடையே உள்ளது மூன்று விழுக்காடுதான். பாயசத்துக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கோப்பை எது, பால் எது என்பதில்தான் கணக்கு தடம்புரள்கிறது.

பாயான் பாரு, பினாங்குத் தீவின் தென்கிழக்கில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களில் உருவாக்கிய புதுநகரம். அதை ஒட்டிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய 1972இல்தான், மலேசியாவை மெட்ரிக் முறைக்குக் கொண்டுபோன எடை அளவைச் சட்டமும் வந்தது. அதற்கு முன் கடைத்தெருவில் புழங்கியவை கட்டியும் (சுமார் 605 கிராம்) காந்தாங்கும் (4.546 லிட்டர், அதாவது ஒரு பிரிட்டிஷ் கேலன்). ஒரு காந்தாங் பால் சுமார் 4.68 கிலோ, ஏழே முக்கால் கட்டி. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களோடு ஆழாக்கும் வந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது மாறாவிட்டாலும் படியின் அளவே ஊருக்கு ஊர் வேறுபட்டது. 168 மி.லி. என்று கொண்டால் ஓர் ஆழாக்குப் பால் 173 கிராம்.

இன்று குழப்பம் வேறு பக்கமிருந்து வருகிறது. அமெரிக்கக் குறிப்புகளின் கோப்பை சுமார் 237 மி.லி. (பால் 244 கிராம்), ஜப்பானியக் கோப்பை 200 மி.லி. (206 கிராம்). ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி.; மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் தசமப் புள்ளி வரை கணக்குப் போடுவது வீண்வேலை.

பினாங்கில் பால் என்றால் பசும்பால் மட்டுமில்லை. கடையில் ‘தே’ (தேநீர்) கேட்டால் இனிப்பு டின் பால் ஊற்றித் தருவார்கள். ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத, பாதி சுண்டிய டின் பால். இனிப்பு டின் பாலின் அடர்த்தி ஏறக்குறைய 1.3. அதில் ஒரு மேசைக்கரண்டி 19 கிராமுக்கு மேல் வரும், 250 மி.லி. 320 கிராமைத் தாண்டும். இனிப்பில்லாதது 1.07 அளவில் நிற்கும். பால்மாவோ தலைகீழ்: கோப்பைக்கு 135 கிராம் போல, தட்டி நிரப்பினால் இன்னும் கூடும். தேங்காய்ப்பாலைத் தண்ணீர் எடையாகவே கொள்ளலாம். டின் பால் கரண்டியில் ஒட்டி நின்றுவிடுவதால், பாத்திரத்தைத் தராசில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து நேரே ஊற்றுவதே நல்லது.

கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது; புரதமும் பால்சர்க்கரையும் உப்புகளும் கனமானவை. அதனால்தான் கொழுப்பு நீக்கிய பால் 1.035 வரை ஏறுகிறது, கெட்டியான பாலாடை 1.00 பக்கம் இறங்குகிறது. பால் சங்கங்களில் லாக்டோமீட்டர் பார்ப்பது இந்த அடர்த்தியைத்தான். தண்ணீர் கலந்தால் மிதவை தாழும். ஆடையை எடுத்தால் உயரும். இரண்டையும் அளவாகச் செய்தால் கருவியை ஏமாற்றிவிடலாம் என்பதால் கொழுப்பையும் தனியே சோதிக்கிறார்கள்.

குளிர்பெட்டிப் பாலுக்கும் 30 பாகை வெப்பத்தில் இருக்கும் பாலுக்கும் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கும். கொதிக்கும் பாலை அளவுக்கோப்பையில் அளக்கக் கூடாது. பால் விரியும், நுரை ஏமாற்றும், நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பால்கோவாவுக்கு எடைதான் வழி. வெறும் சட்டியின் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு ஒரு லிட்டர் பாலை ஊற்றிக் காய்ச்ச வேண்டும். சட்டி நீங்கலாக 515 கிராம் காட்டும்போது பால் சரிபாதியாகச் சுண்டியிருக்கும். அதில் திடப்பொருள் 130 கிராம் போலத்தான். மற்றதெல்லாம் இன்னும் தண்ணீர்.