உபுண்டுவில் ஃபயர்வாலைத் திறந்தாலே பாஸ்வேர்டு கேட்பது ஏன்?

உபுண்டு லினக்ஸில் 'யுஎஃப்டபிள்யூ' என்ற ஃபயர்வால், 2008-ல் வந்த 8.04 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. ஆனால் அது அணைந்த நிலையில்தான் இருக்கும். நாம்தான் ஆன் செய்யணும். பலருக்கு இது தெரியாது.

கட்டளை அடிக்கத் தயங்குபவர்கள் 'ஜியுஎஃப்டபிள்யூ' செயலியை நிறுவிக்கொள்ளலாம். திறந்ததும் பாஸ்வேர்டு கேட்கும். எரிச்சலா இருக்கும்தான். ஆனால் எந்த இணைப்பை உள்ளே விடுவது என்ற விதிகள், அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் பொருந்தும். கேட்காமல் விட்டால், தெரியாமல் இயக்கிய ஒரு ஸ்கிரிப்ட்கூட சத்தமில்லாமல் ஃபயர்வாலை அணைத்துவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். உபுண்டுவை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் தானாகவே கிடைக்கும். வீட்டில் எல்லோரும் அதையே பயன்படுத்தினால், பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் பூட்டு எதுக்கு? பிள்ளைகளுக்குத் தனியாகச் சாதாரணக் கணக்கு போடுங்கள். அவர்கள் செயலியைத் திறந்தால் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

உள்வரும் இணைப்புகளுக்குத் தடை, வெளிச்செல்பவைக்கு அனுமதி: இந்த இயல்பு அமைப்பே வீட்டுக்குப் போதும். பிரவுசிங் பாதிக்காது. உங்கள் கணினியிலிருந்து ஃபைல் பகிர்வது நின்றுபோனால், அதற்கு மட்டும் ஒரு விதி சேருங்கள். எஸ்எஸ்எச் மூலம் வெளியிலிருந்து உள்ளே வருபவர்கள், ஃபயர்வாலை ஆன் செய்யும் முன்பே 22-ம் போர்ட்டை அனுமதித்துவிடணும்.