ஒல்லாந்தரின் 1781

மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே போனால், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை சிதைந்து நிற்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டை. உள்ளே அவர்களுடைய கிட்டங்கிகள், யானை மேல் ஏறுவதற்கென்று கட்டிய படிகள், மதில் சூழ்ந்த சிறிய கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளைக் குனிந்து பார்த்தால் சுற்றிலும் பூவேலை, நடுவில் குடும்பச் சின்னம், அதன் கீழே ஆழமாக வெட்டிய டச்சு எழுத்துகள். இருநூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்று அடித்தும் பல வரிகளை விரலால் தடவிப் படிக்க முடிகிறது.

ஊர் ஒல்லாந்தருக்கும் முந்தையது. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் காலத்திலேயே இது வணிகப் பட்டினம். ஒல்லாந்தரை இழுத்து வந்தது இங்கே கிடைத்த துணி. சதுரங்கப்பட்டினத்து மெல்லிய மஸ்லினுக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர் இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உள்ளூர் வணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும். அவர்கள் அதைச் சுற்றுவட்டார நெசவாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தறியிலிருந்து இறங்கும் துணியை வாங்கி வருவார்கள். கிட்டங்கியில் அளந்து, தரம் பார்த்து, பொதி கட்டுவார்கள். இந்தக் கரையில் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலில் சரக்கு ஏற்ற வேண்டும். அந்தத் துணியில் ஒரு பங்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. இன்னொரு பங்கு கீழைத்தீவுகளுக்குப் போய், அங்கே கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் விலையானது.

கோட்டை மதிலைவிட இந்த ஊரை அதிகம் காத்தது ஒல்லாந்தரின் நடுநிலைதான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தப் பகுதியில் முட்டி மோதிக்கொண்டிருந்த காலத்தில், 1754 ஜனவரியில், இரு தரப்புத் தூதர்களும் சமாதானம் பேச உட்கார்ந்தது சதுரங்கப்பட்டினத்தில். சென்னையிலிருந்து ராபர்ட் பால்க்கும் ஹென்றி வான்சிட்டார்ட்டும் வந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்கள் வந்தார்கள். பேச்சு முறிந்துபோனது. ஆனாலும் சண்டைக்காரர்கள் இருவரும் நம்பி வந்து உட்காரும் இடமாக இந்த ஊர் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நடுநிலை குலைந்தது அட்லாண்டிக் கடலில். பிரிட்டனை எதிர்த்து எழுந்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வெடிமருந்தும் சரக்கும் ஒல்லாந்தரின் கரீபியத் தீவான சிண்ட் யூஸ்டேஷியஸ் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்குக் கொள்ளை லாபம். லண்டனுக்குத் தாங்க முடியாத எரிச்சல். 1780 டிசம்பர் 20 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. நெதர்லாந்தின் கடற்படையோ பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. போரின் முதல் வாரங்களிலேயே சுமார் 200 டச்சு வணிகக் கப்பல்கள் பிடிபட்டன. 1781 பிப்ரவரி 3 அன்று ஆங்கிலேய அட்மிரல் ராட்னி சிண்ட் யூஸ்டேஷியஸைப் பிடித்துத் துடைத்தெடுத்தார்.

செய்தி சோழமண்டலக் கரைக்குக் கப்பலில் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அது வந்துசேர்ந்த நேரமும் கெட்ட நேரம். 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கியிருந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படை நாசமானது. செங்கல்பட்டுச் சீமையில் ஊர் ஊராக எரிந்தது. ஏரிகள் உடைந்தன, கால்நடைகள் பறிபோயின, தறிகள் நின்றன. இந்த நிலைமையில், தங்களுக்குத் தெற்கே கடலோரத்தில் எதிரி நாட்டுக் கோட்டை ஒன்று இருப்பதை ஆங்கிலேயர் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. 1781 நடுவில் சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் அவர்கள் கைக்குப் போயின. ஒல்லாந்தரின் தலைமையிடமான நாகப்பட்டினத்தில் ஆளுநர் வான் விளிசிங்கன் ஹைதரோடு உடன்படிக்கை செய்து பார்த்தார். பலிக்கவில்லை. முற்றுகைக்குப் பிறகு நவம்பரில் நாகப்பட்டினமும் விழுந்தது.

சதுரங்கப்பட்டினம் விழுந்தபோது கோட்டையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் யாக்கோப் ஹாஃப்னர். 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். கப்பல் மருத்துவரான தந்தையோடு சிறுவனாகவே கடலேறினார். தந்தை வழியிலேயே இறந்துபோனார். ஊர் ஊராக அலைந்து, நாகப்பட்டினத்தில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்து, பிறகு சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தவர். ஆங்கிலேயர் அவரைப் போர்க்கைதியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

சென்னையில் அவர் கண்டது பஞ்சம். ஹைதரின் குதிரைப்படைக்கு அஞ்சி நாட்டுப்புறத்திலிருந்து ஓடிவந்த ஜனங்கள் நகரத்தில் அடைந்திருந்தார்கள். சுற்றிலும் விளைச்சல் இல்லை. வெளியிலிருந்து வர வேண்டிய அரிசிக்குக் கடல்வழி ஒன்றே மிச்சம். அந்தக் கடலிலும் போர். எலும்பும் தோலுமாகத் தெருவில் விழுந்து செத்தவர்களைப் பற்றி ஹாஃப்னர் எழுதிய பக்கங்களைப் படிப்பது எளிதல்ல. அவர் கோபத்தை மறைக்கவில்லை. ஆங்கிலேயரின் பேராசையே இத்தனை பேரைக் கொன்றது என்று குற்றம் சாட்டினார். போர்க்கைதியாக இருந்தவரின் எழுத்து என்பதால் அதில் பகை கலந்திருக்கலாம். பஞ்சம் கற்பனை அல்ல. 1782இல் சென்னையில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இந்தப் பஞ்சத்தின் சாட்சி. அந்த இடத்தில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைக்காரர்கள் நெடுங்காலம் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லிவந்தார்கள்.

ஹாஃப்னர் சென்னையிலிருந்து தப்பித் தரங்கம்பாடி வழியாக இலங்கைக்குப் போனார். அந்தப் பயணத்தை 1806இல் நூலாக வெளியிட்டார். ஒரிசா, சோழமண்டலக் கரைகளில் பல்லக்கில் பயணம் செய்ததைச் சொல்லும் நூல் 1808இல் வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர் பலரிடம் காண முடியாத ஒன்று இவரிடம் உண்டு: இந்த மண்ணின் மக்களை இவர் மதித்தார். காலனி ஆட்சியையும் மிஷனரிகளையும் வெளிப்படையாகக் கண்டித்தார். ராமாயணத்தை டச்சில் தர முயன்றார். அது 1809இல் அவர் இறந்தபின் அச்சேறியது.

நெதர்லாந்தில் 1781 வேறு விதமாக நினைக்கப்படுகிறது. ஆகஸ்ட் 5 அன்று வட கடலின் டோகர் பேங்க்கில் டச்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றன. வெற்றி யாருக்கும் இல்லை. என்றாலும் தோற்றே பழகிய நாடு அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. செப்டம்பர் 25 இரவு நாட்டின் பல நகரங்களில் பெயரில்லாத ஒரு துண்டு நூல் தெருக்களில் போடப்பட்டது. நாட்டின் தலைவனாக இருந்த ஐந்தாம் வில்லியமின் குடும்பத்தைத் தாக்கி, மக்கள் ஆயுதம் ஏந்தித் தங்கள் உரிமையைக் காக்க வேண்டும் என்று அழைத்தது அது. அரசு உடனே தடை செய்தது. எழுதியவர் யோன் டெர்க் வான் டெர் கப்பெல்லன் என்ற பிரபு என்பது ஒரு நூற்றாண்டு கழித்தே உறுதியானது. அந்த நாட்டு ஜனநாயக வரலாற்றை இந்தத் துண்டு நூலிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அதே காலத்துப் போர்களின் விலையில் ஒரு பங்கைக் கட்டியவர்கள் சோழமண்டலக் கரையின் நெசவாளர்களும் படகோட்டிகளும் உழவர்களும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஆண்டின் கதை முழுமையாகும்.

சதுரங்கப்பட்டினத்தின் பெயர் ஐரோப்பியப் போர் வரலாற்றில் ஏறியது அடுத்த ஆண்டு. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் மோதினார்கள். முடிவில்லாத சண்டை. அதற்குப் பின்னும் அந்த இருவரும் இந்தக் கடலில் நான்கு முறை மோதினார்கள்.

1784 மே மாதத்தில் பாரிஸில் சமாதானம் கையெழுத்தானது. நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். சதுரங்கப்பட்டினம் ஒல்லாந்தரிடம் திரும்பி வந்தது. வணிகம் பழைய நிலைக்கு வரவில்லை. கடனில் மூழ்கிய டச்சுக் கம்பெனி எழுந்திருக்கவே இல்லை. 1795இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தில் நுழைந்தபோது ஆங்கிலேயர் மறுபடியும் இங்கே வந்தார்கள். 1799 கடைசி நாளோடு கம்பெனியின் கதை முடிந்தது. 1818இல் ஊர் டச்சு அரசுக்குத் திரும்பக் கிடைத்தும் ஏழு ஆண்டுதான். 1824 மார்ச்சில் லண்டனில் எழுதிய ஒப்பந்தப்படி 1825இல் சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் தூத்துக்குடியும் ஆங்கிலேயருக்குக் கைமாறின.

கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மாமல்லபுரம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஹாஃப்னரின் பயண நூல்கள் டச்சு மூலத்திலிருந்தே முழுமையாகத் தமிழுக்கு வர வேண்டியவை. அதற்கு யாராவது கைகொடுங்கள்.