தனி வணிகம், தனிக் கணக்கு

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள். மோர்ப்பானையைச் சும்மாட்டின் மேல் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் விற்கிறாள். மோர் விற்றுக் கிடைத்த உணவைச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். நெய்க்கு மட்டும் அவள் கணக்கு வேறு. நெய்யின் விலையாகப் பொன்னைக் கொடுத்தால் வாங்கமாட்டாள். எருமையாக, நல்ல பசுவாக, எருமைக் கன்றாகத்தான் பெற்றுக்கொள்வாள்.

முல்லை நில வாழ்க்கை என்று குறிப்பெழுதிக்கொண்டு மாணவிகள் அடுத்த பகுதிக்குப் போக முற்படும்போது, வகுப்பில் நான் இந்த இடத்தில் சற்று நிறுத்துவேன். அன்றாடச் செலவுக்கு ஒரு வரவு, முதலைப் பெருக்க இன்னொரு வரவு என்று பிரித்துவைத்த ஒரு சிறுவணிகரை இங்கே பார்க்கிறோம். அந்தக் கணக்கை எழுதியவரும் அவளே, தணிக்கை செய்தவரும் அவளே. அப்படி வாங்கிய எருமை யாருடையது? அவளுடையதா, அவள் கணவனுடையதா? பாட்டு அதைக் கேட்கவில்லை. சட்டம் கேட்டது. புதுச்சேரியில் இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு மொழிகளில் கேட்டது. இன்று அந்தக் கேள்வி வங்கி முகப்பில் ஒரு படிவமாக வந்து நிற்கிறது.

முதலில் தர்மசாஸ்திரத்தின் மொழி. பெண்ணின் சொத்தாகிய ஸ்திரீதனம் பற்றிப் பேசும்போது காத்யாயனர் ஒரு கோடு கிழிக்கிறார். பெற்றோரும் உடன்பிறந்தாரும் கணவரும் அன்பாகக் கொடுத்தது ‘சௌதாயிகம்’. அதை அவள் விருப்பப்படி ஆளலாம். கைத்தொழில் செய்து அவள் சம்பாதித்ததும், பிறத்தியார் கொடுத்ததும் கணவரின் ஆளுகைக்கு உட்பட்டவை. பிற்காலத்து நீதிமன்றங்கள் ஆண்ட இந்து சட்டத்திலும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது. இதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். சீராக வந்த நகை அவளுடையது. ஊசி பிடித்துச் சேர்த்த காசு அவள் கையில் முழுதாக இல்லை. பெண் பெறுகிறவளாக இருக்கும்வரை சட்டத்துக்குச் சங்கடம் இல்லை. அவள் ஈட்டுகிறவளாக மாறும் இடத்தில்தான் கணவர் உள்ளே வருகிறார்.

இரண்டாவது மொழி பிரெஞ்சு. 1819 ஜனவரி 6 அன்று வந்த ஆணையின் வழியாக பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தன. அதே ஆணை, இந்தியர்கள் இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறித்தவரானாலும் முன்போலவே தத்தம் சாதி வழக்கப்படி தீர்ப்புப் பெறுவார்கள் என்றும் சொன்னது. வழக்கம் எதுவென்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல 1827இல் இந்தியச் சட்டவியல் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பெண்ணின் சொத்து எதுவென்று சொல்லும் பொறுப்பு இப்படிச் சாதி வழக்கத்திடமே தங்கிவிட்டது.

பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வந்தது. சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொண்டார்கள். இதற்கு முன்நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. அவர் ஏற்ற பெயர் லாபோர்த், அதாவது கதவு. சாதிக்கு எதிரான கதவு என்ற அளவில் அது பெரிய கதவுதான். ஒரு ரெனோன்சான் வீட்டு மனைவிக்கு அந்தக் கதவுக்கு அப்பால் என்ன காத்திருந்தது?

1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டம் காத்திருந்தது. அதன் 217ஆம் பிரிவின்படி, கணவர் உடனிருந்தாலொழிய, அல்லது எழுத்தில் சம்மதம் தந்தாலொழிய, மணமான பெண் எதையும் கொடுக்கவோ விற்கவோ அடகு வைக்கவோ வாங்கவோ முடியாது. விதிவிலக்காக 220ஆம் பிரிவு ஒருத்தியை அனுமதித்தது. ‘மர்ஷாந்த் பப்ளிக்’ என்று அவளுக்குப் பெயர். பொதுவெளியில் வணிகம் செய்பவள் என்று தமிழில் சொல்லலாம். தன் வணிகத்துக்காக அவள் தானே ஒப்பந்தம் செய்யலாம், கடன்படலாம். ஆனால் அப்படி வணிகராக இருப்பதற்கே கணவரின் சம்மதம் வேண்டும் என்று 1807ஆம் ஆண்டு வணிகச் சட்டம் அங்கேயும் ஒரு பூட்டுப் போட்டது.

அதே 220ஆம் பிரிவில் இன்னொரு வரையறை இருக்கிறது. கணவரின் சரக்கைச் சில்லறையாக விற்றுக்கொடுப்பவள் வணிகர் ஆகமாட்டாள். தனி வணிகம் நடத்துபவள் மட்டுமே வணிகர். இரண்டுபேரும் ஒரே கடையில், ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். ஒருத்தி வணிகர், மற்றொருத்தி வீட்டுக்காரருக்கு ஒத்தாசை. வேறுபாட்டை எதைக்கொண்டு காட்டுவது? சரக்கு யார் பேரில் வந்தது, கடன் யார் பேரில் வாங்கியது, கணக்கு யார் பேரில் எழுதியது என்பதைக்கொண்டுதான். உழைப்பு அங்கே சான்றாகாது. காகிதம்தான் சான்று.

இந்தக் காலத்தில் புதுச்சேரியில் வங்கியும் இருந்தது. 1875இல் பாரிசில் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி இங்கே கிளை வைத்து, பிரெஞ்சிந்தியாவுக்கான ரூபாய் நோட்டுகளையும் வெளியிட்டது. கடற்கரைக்குப் பக்கத்தில் அதன் பழைய கட்டடத்தில் இன்று யூகோ வங்கி இயங்குகிறது. நம் பாட்டிகளின் வங்கி வேறிடத்தில் இருந்தது. அரிசிப்பானையில், அஞ்சறைப்பெட்டியில், தெருச்சீட்டில், மூக்குத்தியில் இருந்தது. ‘சிறுவாடு’ என்று தமிழில் ஓர் அழகான சொல் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்தும், மோர், முட்டை, பூ விற்றும் பெண் தனக்கென்று ஒதுக்கிவைக்கும் பணம். அது கணவருக்குத் தெரியாமல் இருந்ததைக் கள்ளத்தனம் என்று கதைகளும் சினிமாக்களும் கேலி செய்தன. ஈட்டிய காசு கணவரின் ஆளுகைக்கு உட்பட்டது என்று எழுதிவைத்த ஊரில், தன் காசைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவளுக்கிருந்த எளிய வழி அதைச் சொல்லாமல் இருப்பதுதான்.

சிறுவாட்டுக்கு ஒரு குறை உண்டு. அதற்குச் சான்று கிடையாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, பல ஆண்டுகள் மறைத்துவைத்த பணத்தைப் பெண்கள் வீட்டு ஆண்களின் முன்னால் எடுத்துவைக்க நேர்ந்தது. மாற்றித் தருவதற்காக வாங்கப்பட்ட பணம் எல்லாருக்கும் திரும்பி வரவில்லை. “உனக்கேது இவ்வளவு காசு?” என்ற கேள்விக்குப் பதிலாகக் காட்ட ஒரு பாஸ்புத்தகம் அவர்களிடம் இல்லை.

சட்டத்தின் எழுத்து இதற்குள் மாறிவிட்டிருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், பெண்ணின் சொத்துகளைப் பட்டியலிடும்போது அவள் தன் திறமையாலும் முயற்சியாலும் ஈட்டியதையும் சேர்த்து, அனைத்துக்கும் அவளே முழு உரிமையாளர் என்றது. காத்யாயனர் கிழித்த கோட்டை அழித்த வரி அது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1963இல் இந்தச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. பிரான்சிலோ, மணமான பெண் கணவரின் சம்மதமின்றித் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் தொழில் செய்யவும் வழிசெய்த சட்டம் 1965 ஜூலை 13 அன்றுதான் வந்தது. அதற்குள் மூவர்ணக் கொடிகள் இங்கே மாறிவிட்டன. புரட்சியும் சமத்துவமும் பேசிய நாடு பெண்ணின் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டபோது, புதுச்சேரி அதன் ஆட்சிக்குள் இல்லை.

அகமதாபாத்தில் 1974இல் வேறொன்று நடந்தது. இலா பட்டின் சேவா அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், பழந்துணி விற்பவர்கள், வண்டி இழுப்பவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு எப்படி வங்கி என்ற தடை வந்தபோது, பதிவுப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். பின்னர் பாஸ்புத்தகத்தில் புகைப்படம் ஒட்டி ஆளை அடையாளம் காணும் முறையையும் அந்த வங்கி கொண்டுவந்தது. பெண்ணுக்கு ஏற்றபடி வங்கி தன்னை மாற்றிக்கொள்ள முடியும் என்று அவர்கள் காட்டி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன.

இனி நம் ஊர், இந்தக் காலம். லாஸ்பேட்டையில் எனக்கு ரவிக்கை தைத்துத்தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டின் முன்னறையில் கடை வைத்துப் பத்தொன்பது ஆண்டுகள். இரண்டு பெண்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். புதிதாக இரண்டு மோட்டார் தையல் எந்திரம் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. தொடங்கலாம் என்றால் கடைக்குச் சான்று வேண்டும். வீடு மாமனார் பேரில், மின் கட்டணம் மாமனார் பேரில், கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை மகன் பேரில். “ஜி.எஸ்.டி. இருக்கா?” என்றார்கள். அதுவும் இல்லை. “உங்க வீட்டுக்காரர் பேர்ல போட்டுடுங்களேன், சுலபமா முடிஞ்சிடும்” என்று யோசனையும் சொன்னார்கள்.

“கடை என்னுதுன்னு நான் சொல்றேன் டீச்சர். பேப்பர்ல எங்க இருக்குன்னு அவங்க கேக்கறாங்க” என்றார் அக்கா. கடனுக்காக வருமானத்தைக் கணக்கெடுத்தபோது, வாடிக்கையாளர்கள் செலுத்திய பணமெல்லாம் கல்லூரி முடித்து வேலை தேடும் மகனின் கணக்கில் வரவாகியிருந்தது. அக்காவின் சேமிப்புக் கணக்கில் சமையல் எரிவாயு மானியம் வந்திருந்தது. அந்த ஆவணங்களின்படி அவர் இல்லத்தரசி. சட்டம் மாறி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், 220ஆம் பிரிவின் கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: இது தனி வணிகமா, குடும்பத்துக்கு ஒத்தாசையா?

இங்கே விதிகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதைப் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தனியொருவர் நடத்தும் தொழிலின் பெயரில் கணக்கு தொடங்க, அவருடைய சொந்த அடையாளச் சான்றோடு, தொழில் நடப்பதற்கான இரண்டு சான்றுகளை ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு நெறிகள் கேட்கின்றன. நகராட்சி உரிமம், உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. சான்று, தொழிலின் பெயரிலுள்ள மின் கட்டணச் சீட்டு போன்றவை அந்தப் பட்டியலில் அடங்கும். இரண்டு தர இயலாத நிலை என்று வங்கி ஏற்றுக்கொண்டால், கடைக்கு நேரில் வந்து சரிபார்த்து ஒரே சான்றோடும் தொடங்கலாம். இது அதே நெறிகளில் எழுதப்பட்டிருக்கிறது. உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணம் கிடையாது; ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் கொண்டு பதியலாம்.

ஜி.எஸ்.டி.யும் எல்லாருக்கும் கட்டாயமில்லை. தைத்துக் கொடுப்பதுபோன்ற சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு வேண்டும். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை விலக்கு. புதுச்சேரி பழைய 20 லட்சம் வரம்பிலேயே நின்றுகொண்டது. முத்தியால்பேட்டையில் ஊறுகாய் விற்பவருக்கு ஒரு வரம்பு, எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்தில் விற்பவருக்கு இரண்டு மடங்கு வரம்பு. இருந்தும் முன்னறைக் கடைகள் பெரும்பாலும் இந்த வரம்புகளைத் தொடுவதேயில்லை. தேவைப்படாத சான்று இல்லை என்பதற்காக ஒரு பெண்ணைத் திருப்பியனுப்ப விதியில் இடமில்லை.

நடப்புக் கணக்கு சுமையில்லாததல்ல. வட்டி கிடையாது. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும், தவறினால் அபராதம். இவ்வளவு தொல்லை எதற்கு, மகன் கணக்கிலேயே வரட்டுமே என்று அக்காவே முதலில் நினைத்தார். மகன் நல்ல பிள்ளை, கேட்டபோதெல்லாம் எடுத்துக்கொடுக்கிறான். ஆனால் கேட்டு வாங்குவதற்கும் தானே எடுப்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் சௌதாயிகத்துக்கும் சம்பாத்தியத்துக்கும் இடையில் காத்யாயனர் கிழித்த கோடு. தன் வருமானமே அன்பளிப்பாகத் திரும்பி வரும்போது நல்ல பிள்ளை, நல்ல கணவர் என்ற நன்றிக்கடனும் அதோடு சேர்ந்துவிடுகிறது. மணமுறிவு, கைம்மை, பாகப்பிரிவினை என்று ஏதேனும் ஒன்று வரும் நாளில், கடை யாருடையது என்பதற்கு நன்றி சான்றாகாது.

அக்கா உத்யம் பதிவு செய்தார், நகராட்சியில் உரிமம் வாங்கினார், வேறொரு வங்கியில் கடைப் பெயரில் கணக்கு தொடங்கினார். எந்திரக் கடன் உடனே கிடைத்துவிடவில்லை. ஓராண்டு வரவுசெலவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பத்தொன்பது ஆண்டு உழைப்புக்கு அந்த ஓராண்டுதான் முதல் சாட்சி.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ கடை வைத்திருந்தால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பணம் யாருக்குப் போகிறது என்று திரையில் ஒரு பெயர் வரும். அது கடையில் உட்கார்ந்திருப்பவரின் பெயர்தானா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அவரோடு நீங்களும் போங்கள்.